நடைச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மரியாதைக்குரிய தலைவர் அவர்களுக்கும் மண்டபம் ஊரின் காலைநடைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான அறிக்கை இது. ஆண்டுத் தொடக்கத்தில் நாம் 43 பேர். இப்போது பதிவேட்டில் 58 பேர். பதிவேட்டில் இருப்பவர்கள் எல்லாரும் நடப்பவர்கள் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுத் தம்பிகள் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். "வலை இழுக்கிற உடம்புக்கு வாக்கிங் எதுக்குண்ணே" என்று முன்பு சிரித்தவர்கள்தான். 61 நாளும் வேலையில்லாமல் ராத்திரி பரோட்டா, மரத்தடிச் சீட்டு என்று போனால் சட்டை இறுகத்தானே செய்யும். வந்த வேகத்தில் தென்கடல் மணலில் ஓட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து நம் ஐம்பது வயதுக்காரர்கள் சிலரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். கெட்டித் தரையைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். நாலாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் வரவில்லை. அவர்களில் இரண்டு பேர் அப்புறம் வரவே இல்லை. புதியவர்களுக்கு முதல் மாதம் தார்ச்சாலைதான் என்று முடிவு செய்தோம். தடை முடிந்ததும் தம்பிகள் கடலுக்குப் போய்விட்டார்கள். தொழிலுக்குப் போகாத நாளில் நான்கு பேர் இன்றும் வருகிறார்கள்.

ஜூலையில் நடந்த எடைக் குறைப்புப் போட்டி என் யோசனை. அதனால் அதைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். சங்கப் பணத்தில் எடை மெஷின் வாங்கினோம். ஞாயிறுதோறும் ஒவ்வொருவரையும் ஏற்றி, எண்ணைப் பலகையில் எழுதினோம். மூன்று வாரம் நல்ல கூட்டம். நான்காம் வாரம் முள் அசையாதவர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். அரைமணி நேர நடையில் செலவாவது நூற்றைம்பதுக்குள்தான். அதை டீயோடு தின்னும் இரண்டு உளுந்த வடை திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு நண்பர் சனிக்கிழமை முழுப் பட்டினி கிடந்து, ஞாயிறு மெஷினுக்குப் பக்கத்திலேயே மயங்கி உட்கார்ந்தார். சரி, போதும் என்று நிறுத்திவிட்டோம். இந்தப் பலகையில் ராத்திரி நன்றாகத் தூங்குவதையும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காததையும் எழுத இடமே இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசிய மாதங்களில் மண் கண்ணில் விழுகிறது என்று புகார் வந்தது. போகும்போது காற்றை எதிர்த்து நடப்பது, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளட்டும் என்று வழியை மாற்றினோம். புகார் நின்றது.

செல்போன் காட்டும் பத்தாயிரம் அடியை எட்டாததால் மனம் சோர்ந்தவர்களுக்கும் ஒரு விளக்கம் தர வேண்டியிருந்தது. அந்த எண் எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்தது அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மன்போ-கெய்' என்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அதற்குப் பொருள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. நாளுக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். நம் ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினாலே கணக்கு சரியாகிவிடும்.

அடைமழைக் காலம் நம்மைக் கவிழ்த்தது. நவம்பர் 20 அன்று ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் கொட்டிய மழை நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகும் ஆட்கள் திரும்பவில்லை. அந்த மாதம் நாளுக்குச் சராசரியாக ஒன்பது பேர். வராத நாளுக்குப் பத்து ரூபாய் அபராதம் போட்டுப் பார்த்தோம். முப்பது ரூபாயை மொத்தமாகக் கட்டிவிட்டு மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கியவர்களும் உண்டு.

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் தெரிந்தது. இதைப் படித்துக் காட்டியதும் பலருக்கு முகம் தெளிந்தது. நாம் ஒரு நாள் விட்டதற்காக வெட்கப்பட்டுத்தான் ஒரு மாதம் விட்டிருந்தோம்.

டிசம்பரில் கூட்டாளி ஏற்பாட்டைத் தொடங்கினோம். ஒரே தெருவில் இருப்பவர்களை இருவர் இருவராகச் சேர்த்தோம். ஐந்து மணிக்கு ஒருவர் மற்றவர் வாசலுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். போன் கூடாது, போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். வாசலில் நிற்பவரை என்ன செய்வது? "ஆள் வந்து நிக்கிறாங்கன்னா படுத்துக் கிடக்க முடியுமா தம்பி" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா. பிப்ரவரியில் சராசரி 31. மன உறுதி, லட்சியம் என்று நான் பேசிய பேச்சுக்கெல்லாம் இந்த அளவுக்கு ஆள் வந்ததில்லை. ஒரு ஜோடி மட்டும் சுவர்த் தகராறில் பேச்சை முறித்துக்கொண்டு, நடையையும் விட்டுவிட்டது. இனி மூன்று மூன்று பேராகச் சேர்ப்போம்.

மார்ச் மாதம் ரம்ஜான். நோன்பிருந்தவர்கள் தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் பின் நடந்தார்கள். அவர்களுடைய கூட்டாளிகளும் தாங்களாகவே இரவு நேரத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

பெண் உறுப்பினர்கள் 17 பேரும் மாலையில் பள்ளி மைதானத்தில் நடக்கிறார்கள். காலையில் அடுப்படி விடாது. போகும் வழியில் இரண்டு விளக்கு கேட்டுக் கொடுத்த மனு அப்படியே கிடக்கிறது.

வரவு ரூ.14,220, செலவு ரூ.13,050, இருப்பு ரூ.1,170. செலவில் எடை மெஷினுக்கு மட்டும் ரூ.1,800. மெஷின் இப்போது பொருளாளர் வீட்டில் கருவாடு நிறுக்கப் பயன்படுவதாகத் தெரிகிறது. சங்கச் சொத்து என்பதால் அதை ஏலம் விட இந்தக் கூட்டத்தின் அனுமதியைக் கோருகிறேன்.

செயலாளர்