காட்பாடி அக்காவுக்கும் கரிகிரிப் பெரியவருக்கும்

என் தம்பி போன பிறகு என்னைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும் வணக்கம்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "வாய்விட்டு அழுதுடும்மா" என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்துப்போனவன் மேல் கோபம் என்று யாரிடம் சொல்வது?

காட்பாடியில் ஓவிய சிகிச்சை தரும் அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. "கோலத்தைத் தவிர எனக்கு ஒண்ணும் வராது" என்றேன். "அழகா வரணும்னு இல்லம்மா, கை போறபடி போடுங்க" என்றீர்கள். கருப்புக் கிரேயானால் தாள் கிழியும்வரை தேய்த்தேன். பேசாமல் அடுத்த தாளை நீட்டினீர்கள். இதற்கு இதுதான் அர்த்தம் என்று நீங்களாக ஒருநாளும் சொன்னதில்லை. "இந்தப் படத்தைப் பத்திச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். மூலையில் நான் தொடாமல் விட்ட வெள்ளை இடத்தைக் காட்டிக் கேட்டபோதுதான், "நெஞ்சு வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே அவன்" என்று வாயில் வந்தது. கூடவே அழுகையும்.

ஏட்ரியன் ஹில் கதையைச் சொன்னதும் நீங்கள்தான். 1938இல் காசநோயோடு இங்கிலாந்தில் ஒரு சானடோரியத்தில் கிடந்த ஓவியர். படுக்கையிலேயே வரைந்து, மற்ற நோயாளிகளையும் வரையவைத்து, 1942இல் இதற்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தவர். நோயில் கிடந்த ஒருவர் ஆரம்பித்தது என்று கேட்டதும் என் கூச்சம் பாதி போய்விட்டது.

அப்புறம் கரிகிரிப் பெரியவர். பானை செய்யும் களிமண்ணைக் காசு வாங்காமல் ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பினீர்கள். நேரில் வந்தபோது பக்கத்தில் உட்காரவைத்து, "உள்ள காத்து நிக்கக் கூடாது, நல்லா அடிச்சுப் பிசைம்மா" என்றீர்கள். அடி என்று ஒருவர் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. தோள் நோகும்வரை அடித்தேன். எதற்கு இவ்வளவு வேகம் என்று நீங்கள் கேட்கவில்லை, டீ வரவழைத்தீர்கள். தம்பிக்குச் சின்ன வயதில் யானை என்றால் உயிர். நான் பிடித்த கோணல் யானையை உங்கள் பானைகளோடு சூளையில் வைத்து, கன்னங்கரேலென்று சுட்டுத் தந்தீர்கள். அம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு "நீ போய்ட்டு வா" என்று அனுப்பிய அத்தைக்கும், கடைசி பீரியடை மாற்றித் தந்த தலைமையாசிரியைக்கும், சார்ட் தாளுக்குக் காசு வாங்க மறுத்த கடை அண்ணனுக்கும் நன்றி.

கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. வந்தால் கிரேயானை எடுக்கிறேன். பெரியவரே, அடுத்த சூளைக்கும் வருகிறேன், குதிரை ஒன்று செய்து பார்க்க ஆசை.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியை