டிசம்பர் 10-க்குள் 24 கண்காட்சிப் பலகைகள்: இன்னும் 44,750 ரூபாய் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, கடல் கடந்து பாடுபடும் நம் உறவுகளே,

கிளை நூலக வாசகர் வட்டத்தின் வணக்கம். மனித உரிமைகளையும் அவற்றுக்காகப் போராடியவர்களையும் நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் கண்காட்சி, மனித உரிமை நாளான டிசம்பர் 10 அன்று நூலகத்தில் தொடங்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் 15 பள்ளிகளுக்குப் போக வேண்டும். அச்சகத்துக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நவம்பர் 20-க்குள் 40,500 ரூபாய் கட்டியாக வேண்டும். கையில் இருப்பது 25,750.

இந்த வேலையை எடுத்துச் செய்ய நம் புதுக்கோட்டைச் சீமைக்கு எல்லா உரிமையும் உண்டு. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்பைத் தாண்டிச் சேர்ந்து படித்தார். 1912-இல் டாக்டரானார். சென்னை மாகாண சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து நின்றார். 1947-இல் அதற்குத் தடைச் சட்டமே வந்தது. பிறகு 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம். எழுத்துக் கற்ற கையோடு நம் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அன்று கேலி பேசிய ஊர் பிறகு வழிவிட்டது. இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு பலகை ஒதுக்கியிருக்கிறோம். அந்தத் தாய்மார்களின் பேரப்பிள்ளைகள்தான் இவற்றைப் படிக்கப் போகிறார்கள்.

பலகைகளை எப்படி அமைக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1948-இல் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டினால் எந்தப் பிள்ளையும் நின்று படிக்காது. தலைவர்களின் பிறந்த நாளை மனப்பாடம் செய்ய வைத்தால் வினாடி வினாவோடு மறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பலகையும் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. “குளத்துத் தண்ணீரை யார் குடிக்கலாம்?” என்பதன் கீழே 1927 மார்ச் 20, ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த மகாட் ஊர்க் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் கையால் அள்ளிய நீர். “உன் வகுப்பில் நீ மட்டும் இருந்தால்?” என்பதன் கீழே ரூபி பிரிட்ஜஸ். 1960-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குக் காவலர் துணையோடு போன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியையிடம் தனியாகப் படித்தாள். தன் வயதுப் பிள்ளை என்றால்தான் குழந்தை நெருங்கிப் பார்க்கும். பெரியவர்கள் பிறகு வரலாம். பிரகடனத்தின் முதல் பிரிவில் ‘ஆண்கள் அனைவரும்’ என்று பொருள்பட இருந்த ஆங்கிலச் சொல்லை ‘மனிதர் அனைவரும்’ என்று மாற்ற வைத்த இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவுக்கும் இடம் உண்டு. நம் பாப்பாக்கள் அவரைத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது.

காகித சார்ட் மழைக் காலத்தில் நமுத்து, இரண்டு பள்ளி தாண்டுவதற்குள் மூலை கிழிந்துவிடும். பிளக்ஸ் கட்டினால் சுருங்கித் தொங்கும். ஆளுயரத்துக்கு மேலே போனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எப்படிப் படிக்கும்? அதனால் 5 மி.மீ. சன்போர்டு என்ற நுரைப் பிளாஸ்டிக் பலகை, வெளிச்சம் பட்டுக் கண் கூசாத மேட் லேமினேஷன், இரண்டரைக்கு மூன்றரை அடி. நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடியில் நிற்கும். சதுர அடி 110 ரூபாய், பலகை ஒன்றுக்கு 962.50, 24-க்கு 23,100. மடக்கும் இரும்பு ஸ்டாண்டு 12, ஒன்று 1,450 வீதம் 17,400. இணையத்துப் படங்களைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைவதால் நம் ஊர் ஓவியரையே வரையச் சொன்னோம். அதற்கு 14,400, புத்தகங்களுக்கு 14,500, ‘தேவையா, ஆசையா’ விளையாட்டுச் சீட்டுக் கட்டு 40-க்கு 7,200 கொடுத்தாகிவிட்டது. வண்டி 15 நாளுக்கு 24,000. இருபது தன்னார்வலர்களின் இரண்டு நாள் பயிற்சிக்குச் சாப்பாடு 6,000.

பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். தீண்டாமையை விளக்குகிறேன் என்று ஒரு பிள்ளையை ஒதுக்கி நிற்க வைத்து நடிக்கச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. வீட்டில் அதை உண்மையாகவே அனுபவிக்கும் பிள்ளை அங்கே கூனிக் குறுகிப் போகும். அதைச் செய்யவே கூடாது. பத்து வயதுக்குக் கீழே இரத்தம், தடியடிப் படங்கள் கூடாது. ஒரு பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்ல வந்தால் மற்றவர் முன் துருவாமல் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இவ்வளவும் தெரியாதவரைப் பிள்ளைகள் முன் நிறுத்த முடியாது.

இதுவரை 61,850 ரூபாய் தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் 11 பேர் 22,000 அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்கள் 15,000, மகளிர் குழுக்கள் நான்கு தலா 2,500. மார்க்கெட்டில் விலை சரிந்த வாரத்திலும் பூக் கமிஷன் கடைக்காரர்கள் 6,500 தந்தார்கள். பத்தும் ஐம்பதுமாக வந்து சேர்ந்தது 8,350. அந்தக் கைகளை இறைவன் குறைவின்றி வைக்கட்டும்.

இன்னும் தராதவர்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறோம். ஆடி பிறந்தால் மொய் விருந்து வைக்கும் மண் இது. மொய் நோட்டில் நம் பெயர் விடுபட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டோம். பிள்ளைகள் நோட்டு வைத்திருப்பதில்லை, திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். அதற்காக நாம் கொடுக்காமல் இருந்துவிடலாமா? காதணி விழாவுக்கு முச்சந்தி முழுக்கப் பிளக்ஸ் வைக்கிறோம். ஒரு பலகைக்கு ஆயிரம் ரூபாய் கூட ஆகாது.

உடனடித் தேவை 14,750. பயிற்சிக்கும் வண்டிக்குமான 30,000-ஐ பொங்கலுக்குள் இரண்டு தவணையாகத் தந்தாலும் சரி. நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் நேரில் கட்டலாம், வாசலில் உள்ள க்யூஆர் அட்டையிலும் அனுப்பலாம். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு ஞாயிறும் நூலகப் பலகையில் ஒட்டப்படும். டிசம்பர் முதல் வாரப் பயிற்சிக்கு வர விரும்புவோர் நவம்பர் 25-க்குள் பெயர் கொடுங்கள். பெண்கள் குறைவாக இருக்கிறார்கள், அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் வட்டக் குழுவினர்