மாத்திரை கொடுக்கும் முன் பெயர் கேட்டீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுதுவதில் 6.5, படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7 வாங்கிவிட்டால் வேலை கைக்கு வந்த மாதிரிதான் என்று அதில் இருந்தது. நான் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமா படித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு 2022-ல் இங்கே இங்கிலாந்துக்கு வந்தவள். ஆங்கிலத் தேர்வு எனக்குச் சிக்கலாக இல்லை. நான் தோற்றது வேறு இடத்தில்.

இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய என்எம்சி என்ற கவுன்சில் இரண்டு தேர்வு வைக்கிறது. முதலாவது சிபிடி. கம்ப்யூட்டரில் எழுதுவது, நம் நாட்டிலேயே எழுதலாம். மருந்துக் கணக்கும் நர்சிங் பாடமும் வரும். தினமும் டிரிப் ஓடும் வேகத்தைக் கணக்குப் போட்ட நமக்கு அது பழகினதுதான். இரண்டாவது ஓஸ்கி. அது இங்கே வந்த பிறகு. பத்து ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தேர்வு மாதிரி. சிலவற்றில் எழுதவேண்டும், மற்றதில் செய்து காட்டவேண்டும். நோயாளியாக ஒருவர் நடிப்பார், இல்லையென்றால் பொம்மை இருக்கும். வேலையில் சேர்ந்து 12 வாரத்துக்குள் முதல் முறை எழுதிவிட வேண்டும் என்பது விசா விதி. அதில் தேறி, 'பின்' என்று நாங்கள் சொல்கிற பதிவு எண் வரும்வரை வார்டில் உதவியாளர் வேலைதான். ஐசியூவில் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்த நான், ஒரு பாரசிட்டமால்கூடக் கொடுக்க முடியாமல் நின்ற நாட்கள் அவை.

மருந்து கொடுக்கும் ஸ்டேஷனில் நான் பெயில். படுத்திருந்தவரின் கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தேன். மருந்து எழுதியிருக்கும் சார்ட்டைப் பார்த்தேன், இரண்டிலும் பெயர் ஒன்றுதான். மருந்து, அளவு, நேரம், காலாவதித் தேதி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுத்தேன். ஆனால் அவர் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. அலர்ஜி உண்டா என்றும் கேட்கவில்லை. சார்ட்டில் 'இல்லை' என்று இருந்ததைப் படித்துக்கொண்டதோடு சரி. அந்த இரண்டு கேள்விதான் அங்கே உயிர்நாடி. மறுதேர்வுக்கு 397 பவுண்டு. மருத்துவமனை கட்டிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

என்னோடு கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். தவறவிட்டவர்களில் பலருக்கும் என்னைப் போலத்தான், கை சரியாக வேலை செய்தது, வாய் திறக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய் 'என் பெயர் இன்னது, நான் உங்கள் நர்ஸ்' என்று சொல்லவேண்டும். என்ன செய்யப் போகிறேன் என்று விளக்கி, சரியா என்று சம்மதம் கேட்டுவிட்டுத் தொடவேண்டும். வலி இருக்கிறதா என்று கேட்கவேண்டும். மதுரையில் ஒன்பது வருடத்தில் ஒரு நோயாளியிடமாவது என் பெயரைச் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் நான் 'சிஸ்டர்'. அவர்களும் எனக்கு 'மூணாம் பெட்', 'ஜன்னலோர பெட்'. ஒரே வார்டில் ஒரே சமயத்தில் இரண்டு முத்துலட்சுமிகள் படுத்திருந்தபோதும் அப்படித்தான். நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

நம் நர்ஸ்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இரவு டியூட்டியில் நானும் ஒரு மாணவியுமாக 32 பேரைப் பார்த்திருக்கிறேன். நின்று பேசினால், 'என்ன பேச்சு வேண்டியிருக்கு, அடுத்த பெட்டைப் பாரு' என்று அதட்டல் வரும். நோயாளியோடு பேசுவது கூட இருக்கும் சொந்தக்காரர் வேலை என்றே பழகிவிட்டோம். இங்கே இருப்பவர்களும் பிறக்கும்போதே இதைக் கற்றுக்கொண்டு வரவில்லை. கேட் கிரேஞ்சர் என்று ஒரு டாக்டர். புற்றுநோயோடு 2013-ல் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வருகிறவர்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்று கவனித்தார். 'ஹலோ, மை நேம் இஸ்' என்று ஓர் இயக்கமே தொடங்கினார். 2016-ல் அவர் இறந்துவிட்டார். அந்த வாசகம் எழுதிய பேட்ஜ் இன்றும் இங்கே பலர் சட்டையில் இருக்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் கோச்சிங் சென்டர் இதைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறது. ஊரிலேயே இருக்கப்போகிற நர்ஸுக்கும் இது வேண்டாமா? ஜிஎன்எம் முதல் வருடத்திலிருந்தே, ஊசி போடப் பழக்கும்போதே, பெயர் கேட்பதையும் பழக்கலாம். நம் ஊர்ப் பாட்டிகள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது, சரி. பெயர், ஊர், கணவர் அல்லது மகன் பெயர் கேட்டு, ஐபி நம்பரோடு, அதாவது உள்நோயாளி எண்ணோடு, ஒத்துப் பார்க்கலாமே. அதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கிடைக்க வார்டில் இன்னும் ஆள் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம், பணம் பற்றி. 'ஏஜென்ட் எல்லாம் பார்த்துக்கொள்வார், மூன்று லட்சம் ஆகும்' என்று கட்டுரையில் வந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. நான் வந்தபோது விண்ணப்பத்துக்கு 140 பவுண்டு, சிபிடிக்கு 83, ஓஸ்கிக்கு 794, பதிவுக்கு 153. ஓஸ்கி கட்டணத்தைப் பெரும்பாலும் வேலை கொடுக்கும் மருத்துவமனையே கட்டிவிடும். வேலை வாங்கித் தருவதற்காக நர்ஸிடம் ஏஜென்ட் பணம் வாங்கக்கூடாது என்பது இங்கிலாந்து அரசின் விதி. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம். 2024-க்குப் பிறகு இங்கே வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் நன்றாகக் குறைந்துவிட்டது. நகையை அடகு வைத்து ஏஜென்டுக்கு முன்பணம் கட்டப்போகிற பிள்ளைகளுக்கு இது தெரியவேண்டும்.

அசல் சான்றிதழ்களைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துப் போடுங்கள். மதுரையில் நான் வேலை பார்த்த இடத்தில் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க ஏழு மாதம் நடந்தேன். எனக்குப் பிறகு சேர்ந்த இரண்டு பெண்களின் சான்றிதழ்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
பர்மிங்ஹாம்