கார்லிங்டனின் பதக்கத்தைத் திரும்பப் பெறுங்கள்

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் எல்லைப்புறப் போர்க்காலத்துக் குதிரைப்படை அதிகாரி எர்னஸ்ட் கார்லிங்டனைப் பற்றி எழுதுகிறேன். நாட்டின் உயரிய 'மெடல் ஆஃப் ஹானர்' விருதை 1893இல் அவருக்குக் கொடுத்தீர்கள். அதைத் திரும்பப் பெறுங்கள்.

1853இல் தென் கரோலினாவில் பிறந்தவர். 1876இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படிப்பை முடித்த கையோடு 7ஆம் குதிரைப்படையில் சேர்ந்தார். அந்தப் படையின் தளபதி கஸ்டரும் இருநூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் லிட்டில் பிக்ஹார்னில் பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் மாண்டு சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 1883இல் ஆர்க்டிக்கில் சிக்கிய கிரீலி என்பவரின் ஆய்வுக் குழுவை மீட்கப் போனார். கப்பலைப் பனி நொறுக்கிவிட்டது, வெறுங்கையோடு திரும்பினார். அதற்காக அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் 1890 டிசம்பர் 29? நிமோனியாவில் படுத்திருந்த தலைவர் பிக் ஃபுட்டோடு வந்த லகோட்டா பூர்வகுடி மக்களைத் தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ ஓடைக்கரையில் 7ஆம் படை சுற்றி வளைத்தது. மேட்டில் நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகள். துப்பாக்கிகளைப் பறிக்கும்போது ஒரு வெடி கேட்டது. அப்புறம் ஓடைப் பள்ளத்தில் ஓடிய பெண்களையும் குழந்தைகளையும் துரத்தித் துரத்திச் சுட்டார்கள். 250 பேருக்கு மேல் செத்தார்கள். பனிப்புயல் ஓய்ந்ததும் உறைந்து கிடந்த 146 உடல்களை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். மேலதிகாரி ஜெனரல் மைல்ஸே கொதித்துப்போய், படையை நடத்திய ஃபோர்சைத்தைப் பொறுப்பிலிருந்து நீக்கி விசாரணை வைத்தார். விசாரணை அவரை விடுவித்தது. அன்று காயம்பட்ட கார்லிங்டன் உட்பட ஏறத்தாழ 20 பேருக்குப் பதக்கம் கிடைத்தது.

அவர் வாழ்க்கையில் என்னை உறுத்துவது இன்னொன்றும் உண்டு. 1906இல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் நடந்த ஒரு துப்பாக்கிச்சூட்டுக்காகக் கறுப்பின வீரர்கள் மேல் பழி விழுந்தது. படையின் தலைமை ஆய்வாளராகப் போய் விசாரித்தவர் இதே கார்லிங்டன். 'எங்களுக்குத் தெரியாது' என்றார்கள் வீரர்கள். கூடிப்பேசி மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டி, எல்லோரையும் நீக்கப் பரிந்துரைத்தார். வழக்கே நடக்காமல் 167 பேரை அதிபர் ரூஸ்வெல்ட் வீட்டுக்கு அனுப்பினார். வாய் திறக்காததற்கே அத்தனை பேருக்கும் தண்டனை என்றால், ஓடையில் கிடந்த குழந்தைகளுக்கு யார் பதில் சொன்னார்கள்?

அந்த 167 பேர் மீதான பழியை 1972இல் உங்கள் ராணுவமே துடைத்தது. 1917இல் தகுதியில்லை என்று 911 பதக்கங்களை ரத்து செய்ததும் அதே ராணுவம்தான். ஆகவே முடியாது என்று சொல்லாதீர்கள். வூண்டட் நீக்காக 1990இல் வருத்தம் தெரிவித்த நாடாளுமன்றமும் உங்களுடையதே. ஆனால் 2025 செப்டம்பரில் உங்கள் பாதுகாப்புத் துறைச் செயலர், பதக்கங்கள் அப்படியே இருக்கும் என்று அறிவித்துவிட்டார். மாண்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அந்தப் பதக்கங்களை நீக்கும் மசோதா 2019இலேயே உங்கள் அவைக்கு வந்தது. அதை எடுத்து நிறைவேற்றுங்கள். ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் கார்லிங்டனின் கல்லறை அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. பதக்கப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்