பாப்பாவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை மறைத்துவிட்டோம் என்று நேற்று தொலைபேசியில் அழுதாய். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, சொல்லாதே என்று தடுத்தவன் நான்தான். மழையில் நனைந்ததால் வந்த நிமோனியா என்று நீ நினைக்கிறாய். அது இல்லை, மண்ணில் வாழும் ஒரு கிருமியின் வேலை. சுருட்டும் காரணமில்லை, அதை விட்டு இருபது வருடமாகிறது.

முப்பத்தோரு வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, மருத்துவ உதவியாளராக, இருந்தவன், இருமலைக் கேட்டே வியாதி சொல்வேன் என்று பெருமையடித்தவன் உன் அப்பா. அடைமழை விட்டதும் கொல்லையில் தேங்கிய தண்ணீரை வடிக்க வெறுங்காலோடு வாய்க்கால் வெட்டினேன். மண்வெட்டி பட்டுக் கணுக்காலில் ஒரு கீறல். மஞ்சள் பற்றுப் போட்டேன். (மஞ்சள் அப்பிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் திட்டித் தீர்த்த அதே ஆள்!) பத்தாம் நாள் குளிர்காய்ச்சல், விலாவில் குத்தல். பக்கத்து கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, மேல்பகுதியில் வெள்ளைத் திட்டு இருக்கவும், "காசநோய்தான்" என்று டாக்டருக்கு நானே சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயது இருக்கும். சிரிக்கவில்லை. "ஐயா, இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, எத்தனை வருடமாக? மண் வேலை செய்தீர்களா?" என்று கேட்டு, இரத்தத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பினார். மூன்றாம் நாள் பெயர் வந்தது: மெலியாய்டோசிஸ்.

1911இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் கண்டுபிடித்த நோய் இது. 1921இல் இந்தப் பெயரை வைத்த ஸ்டான்டனும் பிளெச்சரும் நம் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள். என் காலடி மண்ணிலேயே இருந்த கிருமி, எனக்குத்தான் நினைவுக்கு வரவில்லை.

கீறல் வழியாக நுழைந்ததா, மழைச் சாரலோடு மூச்சில் போனதா, டாக்டராலும் சொல்ல முடியவில்லை. எப்படிப் போனாலும் அதற்கு நுரையீரல் பிடித்த இடம். அங்கே காற்றுப் பைகளின் சுவர் ஒரே அடுக்கு உயிரணுதான். கிருமி அதில் ஒட்டிக்கொள்கிறது. உயிரணு அதை ஒரு பைக்குள் மூடி உள்ளே இழுக்கிறது. கிருமி அந்தப் பையைக் கிழித்து, உயிரணுவுக்குள்ளேயே வெளிப்பட்டுவிடுகிறது. பிறகு நடப்பதுதான் பாப்பா, கேட்டதும் எனக்கு நம் பழைய லயம், பலகைச் சுவர் வைத்து ஒட்டிக் கட்டிய தோட்ட வரிசை வீடுகள், ஞாபகம் வந்தது. திருடன் வாசலுக்கு வராமல், நடுப்பலகையைப் பெயர்த்து வீடு வீடாகப் போனால், ரோட்டில் காவல் நின்று என்ன பயன்? இந்தக் கிருமியும் அப்படித்தான். உயிரணுவுக்குள் இருக்கும் புரத இழைகளையே பின்னால் வாலாகக் கட்டிக்கொண்டு, அந்த உந்தலில் பக்கத்து உயிரணுவுக்குள் போகிறது. சுவர் போனதும் பல உயிரணுக்கள் ஒன்றாகக் கலந்து ஒரே பெரிய உயிரணுவாகிவிடுகின்றன. கிருமியைத் தாக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் வெளியேதான் சுற்றுகிறது, அதைத் தொட முடிவதில்லை. இனிப்பு நீர்க்காரனுக்கு வெள்ளணுக்களும் மந்தம்.

அதனால்தான் முதலில் நாள்தோறும் நரம்பில் ஊசி, இப்போது மூன்று மாதத்துக்குக் காலையும் மாலையும் ஒரு பிடி மாத்திரை. பாதியில் விட்டால் ஒளிந்திருந்தது திரும்பி வரும். அம்மா எண்ணி எண்ணித் தருகிறாள், ஏமாற்ற வழியில்லை.

அங்கே வந்துவிடுங்கள், இடம் சுத்தம் என்கிறாய். ஆஸ்திரேலியாவில் உன் டார்வின் ஊர் மண்ணும் இந்தக் கிருமிக்குச் சொந்த ஊர்தான், தெரியுமா? மழைக்காலத்தில் அங்கேயும் இதே கதை. போன மாதம் மாப்பிள்ளை ஈரப் புல்லில் வெறுங்காலோடு நிற்கும் படம் அனுப்பியிருந்தாய். அவருக்கும் இனிப்பு நீர் எட்டிப் பார்க்கிறது என்றாயே. நாளைக்கே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடு. புயல் மழையில் வெளியே நிற்க விடாதே.

எனக்கு அம்மா வாங்கிவிட்டாள். ஒரு அளவு பெரியது. வாய்க்காலில் நடந்தால் சளக் சளக் என்கிறது.

அப்பா