ஹாஸ்டல் குரூப்பை விட்டுவிட்டு வில்லை ஒட்டுவோம்

இதழியல் துறைகளின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராக இருக்கிறேன். முதுகலை மாணவர்களின் வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகவும் அவ்வப்போது போய் வருவேன்.

சென்ற முறை ஒரு மாணவி, தங்க எழுத்தில் தலைப்புப் பொறித்த ஆய்வேட்டை மேசையில் வைத்தார். கல்லூரி மாணவர்களிடம் இன்ஸ்டாகிராமின் தாக்கம். நூறு பேரிடம் கூகுள் ஃபார்ம், பக்கத்துக்குப் பக்கம் வட்டப்படம், கடைசியில் ஒரு சை-ஸ்கொயர், அதாவது இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை. "அந்த நூறு பேர் யாரும்மா?" என்றேன். "எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப், சார்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்?

அவரே நாளை வேலைக்கு வந்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையைக் கையில் கொடுத்துச் செய்தி எழுதச் சொல்வேன். ஒரே முதல் தகவல் அறிக்கையில் திருட்டும் கொலையும் இருந்தால், கடுமையான குற்றமான கொலை மட்டுமே அங்கே கணக்கில் ஏறும். 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்ற விகிதத்தை மதிப்பிட்ட மக்கள்தொகையை வைத்தே போட்டார்கள். இதெல்லாம் தெரியாமல் 'குற்றங்கள் அதிகரிப்பு' என்று தலைப்பு வைத்தால், மறுநாள் திருத்தம் போட வேண்டியவன் நான்.

என் கோரிக்கை இதுதான். கருத்துக்கணிப்பு ஆய்வேட்டுக்குப் பதிலாக ஆவணங்களை வைத்து எழுதும் ஆய்வேட்டையும் அனுமதியுங்கள். பருவத்தின் முதல் வாரமே ஆளுக்கொரு தகவல் உரிமை மனு போடட்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யவும் பருவத்துக்குள் நேரம் இருக்கிறது.

மனு எழுதுவதே பெரிய பாடம். "எங்கள் வார்டில் ஏன் குப்பை அள்ளவில்லை?" என்று கேட்டால் ஒன்றும் வராது. 'ஏன்' என்பதற்கு அலுவலகத்தில் கோப்பு கிடையாது. "இந்த வார்டுக்கான குப்பை வண்டியின் ஏப்ரல் மாத லாக் புக் நகல்" என்று கேட்டால், இருப்பதைக் கொடுத்தாக வேண்டும். இல்லை என்று எழுதிக் கொடுத்தால், சரி, அதுவே செய்தி. முதல் கேள்வியிலிருந்து இரண்டாவதற்கு மாணவரை நகர்த்த எனக்குத் தெரிந்து மூன்று வகுப்புகளாவது பிடிக்கும்.

சை-ஸ்கொயரைத் தூக்கச் சொல்லவில்லை. பிஎச்.டி. பக்கம் போகிறவர்களுக்கு அது வேண்டும்.

மனுவுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. முப்பது பேர் வகுப்புக்கு முந்நூறு ரூபாய். முதல் வாரம் கூப்பிடுங்கள், வில்லைகளை நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு துணை ஆசிரியர்