நாட்டு மருந்துக் கடைக்கார அண்ணாச்சிகளுக்கு: கிராம்பு எண்ணெய் கொடுக்கும்போது மூணே மூணு கேள்வி கேளுங்க

மரியாதைக்குரிய அண்ணாச்சிமார்களுக்கும், கல்லாவுல உக்காந்திருக்கிற அக்காமார்களுக்கும் வணக்கம்.

சென்னை பாரிமுனை ராசப்ப செட்டி தெருவுல இருக்கிற பெரிய கடைங்கள்ல இருந்து எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரே ஒரு ஆள் நிக்கிற சின்னக் கடை வரைக்கும், நாட்டு மருந்து விக்கிற எல்லாருக்கும் சேத்துதான் இதை எழுதுறேன். உங்க மேல குறை சொல்ல எழுதல, அதை முதல்லயே சொல்லிடுறேன். நான் பொறந்தப்போ எங்கம்மாவுக்குப் பிரசவ லேகியம் உங்க மாதிரி கடைல வாங்கினதுதான், எனக்கு உரை மருந்து உரசிக் கொடுத்த வசம்பும் மாசிக்காயும் அங்க வாங்கினதுதான், இன்னைக்கும் எங்க வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல சுக்கும் திப்பிலியும் அதிமதுரமும் இருக்கு. உங்களை நம்புறதாலதான் உங்ககிட்ட கேக்குறேன்.

பல்வலி எப்ப வருது? பகல்ல லேசா இருக்கும், ராத்திரி சாப்பிட்டுப் படுத்தாதான் உயிர் போகும். அந்த நேரத்துல பல் டாக்டர் கிளினிக் பூட்டியிருக்கும், ஜி.ஹெச்ல பல் பிரிவு காலைல ஓ.பி. நேரத்தோட முடிஞ்சிருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிட்டு கணக்கு பாத்துட்டிருக்கிற நீங்க மட்டும்தான் முழிச்சிருப்பீங்க. கன்னத்தைப் பிடிச்சுட்டு வர்ற ஆளை முதல்ல பாக்குறது நீங்கதான். பல சமயம் கடைசியா பாக்குறதும் நீங்கதான், ஏன்னா நீங்க கொடுத்தது கேட்டுச்சுன்னா அவர் வேற எங்கயும் போக மாட்டார்.

எங்க தாய்மாமாவுக்கு போன ஐப்பசில நடந்ததைச் சொல்றேன். வயசு 52, மினி லாரி ஓட்டுறார், சுகர் இருக்கு, மாத்திரை போடுறார் ஆனா லோடு கிடைச்சா சாப்பாட்டு நேரமும் தப்பிடும் மாத்திரை நேரமும் தப்பிடும். கீழ வலது பக்கம் கடைவாய்ப் பல்லுல ரொம்ப நாளா சொத்தை. ஒரு நாள் ராத்திரி தாங்க முடியாம போய் கிராம்பு எண்ணெய் சின்ன பாட்டில் வாங்கிட்டு வந்தார், பஞ்சுல தொட்டு வச்சார், அரை மணி நேரத்துல தூங்கிட்டார். அடுத்த வாரம் இன்னொரு பாட்டில். அதுக்கடுத்து மூணாவது, கூடவே மெடிக்கல்ல வலி மாத்திரை. அத்தை டாக்டர்கிட்ட போங்கன்னு சொன்னப்பல்லாம் "அதான் எண்ணெய்லயே கேக்குதுல்ல, சும்மா இரு"ன்னுட்டார். அப்புறம் ஒரு நாள் வலி சுத்தமா நின்னுபோச்சு. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு, வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் கிராம்பு எண்ணெய் மகிமையைச் சொன்னார், நானே எங்க ஆபீஸ்ல ரெண்டு பேருக்குச் சொல்லியிருக்கேன்.

பதினஞ்சு நாள் கழிச்சு தாடைக்கு அடியில ஒரு வீக்கம். வலி பெருசா இல்ல. உப்பை வறுத்துத் துணில கட்டி ஒத்தடம் கொடுத்தாங்க, பாட்டி காலத்துல இருந்து செய்யறதுதானேன்னு. மறுநாள் சாயங்காலம் வீக்கம் ரெண்டு பக்கமும் பரவி கழுத்து பலகை மாதிரி கெட்டியாயிடுச்சு, வாயை ஒரு விரல் அளவுக்கு மேல திறக்க முடியல, பேசினா வாய் நிறைய வெத்தலையை அதக்கிட்டுப் பேசுற மாதிரி சத்தம், எச்சிலை முழுங்க முடியாம துண்டுல துடைச்சுட்டே இருந்தார், படுத்தா மூச்சு முட்டுதுன்னு எழுந்து எழுந்து உக்காந்தார். 108ஐக் கூப்பிட்டு கொண்டு போனோம். தாடைக்கு அடியில கீறி சீழ் எடுத்தாங்க, பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தா மூச்சுக்குழாய் அடைச்சிருக்கும்னு டியூட்டி டாக்டர் சொன்னப்போ அத்தை அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. இந்த மாதிரி வாய்க்கு அடிப்பக்கம் முழுக்கப் பரவுற தொற்றை 1836லயே லுட்விக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சிருக்கார், இன்னைக்கும் அவர் பேர்லதான் சொல்றாங்க. பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லுல இருந்துதான் ஆரம்பிக்குமாம், சுகர் இருக்கிறவங்களுக்கு ஆபத்து அதிகம்.

அப்ப அந்த வலி ஏன் நின்னுச்சுன்னு நான் டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். பல்லுக்கு வெளிய எனாமல், அது உடம்புலயே கெட்டியான பொருள். அதுக்கு உள்ள இன்னொரு அடுக்கு, நடுவுல சின்ன அறை மாதிரி ஒரு இடத்துல நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கு. சொத்தை உள்ள இறங்கி கிருமி அங்க போனா அந்த இடம் வீங்கப் பாக்கும், கை கால்னா வீங்கறதுக்கு இடம் இருக்கு, பல்லுக்குள்ள சுத்தி சுவர், நகர இடமே கிடையாது, அந்த அழுத்தம்தான் உயிர் போற வலி. படுத்தா தலைக்கு ரத்தம் கூடறதால அழுத்தமும் கூடும், ராத்திரி வலி அதனாலதான். இப்படியே கொஞ்ச நாள் போனா உள்ள இருக்கிற நரம்பு செத்துடும். செத்த நரம்புக்கு வலி தெரியாது. நாம குணமாயிடுச்சுன்னு நினைக்கிறோம், கிருமி வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கிட்டிருக்கும். மாமா கிராம்பு எண்ணெய்க்கு நன்றி சொல்லிட்டிருந்த அந்தப் பதினஞ்சு நாளும் உள்ள இதுதான் நடந்திருக்கு.

இதுக்காக கிராம்பைக் குத்தம் சொல்ல மாட்டேன். கிராம்பு நிஜமாவே மருந்துதான். அதுல இருக்கிற யூஜினால்ங்கிற பொருள் நரம்பை மரக்கடிக்குது, பல் டாக்டருங்களே அதை ஜிங்க் ஆக்சைடோட குழைச்சு தற்காலிகமா பல் அடைக்க உபயோகிக்கிறாங்க, கிளினிக்குள்ள நுழைஞ்சா வர்ற அந்த வாசனை நம்ம கிராம்பு வாசனைதான். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மாறாமலைப் பக்கம் விளையுற கிராம்புக்கு 2021ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. பெருமையா வித்துக்கோங்க. விக்கும்போது எப்படிப் போடணும்னும் சொல்லுங்க, அதான் கேக்குறேன். பாட்டில்ல இருந்து அப்படியே ஊத்தக்கூடாது, ஈறு வெந்துடும். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்ல ரெண்டு சொட்டு கலந்து, பஞ்சுல தொட்டு, வலிக்கிற பல்லுல மட்டும் வச்சு, கொஞ்ச நேரத்துல எடுத்துடணும், முழுங்கக்கூடாது. எண்ணெய் இல்லன்னா ஒரு முழு கிராம்பை அந்தப் பல்லுகிட்ட மெதுவா அதக்கினாலே போதும். சின்னப் பிள்ளைங்களுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம், பாட்டிலைக் கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்கன்னும் சொல்லி அனுப்புங்க. ஒண்ணு ரெண்டு வயசுக் குழந்தைங்க 10 மில்லி அளவுக்குக் குடிச்சு, மயக்கமாகி, கல்லீரல் கெட்டு உயிருக்குப் போராடினது மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. நீங்க விக்கிற சின்ன பாட்டிலோட அளவே அவ்வளவுதானே.

உப்புத் தண்ணிக்கு அந்தப் பயமெல்லாம் இல்ல. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை டீஸ்பூன் உப்பு, அரை நிமிஷம் வாயில வச்சுக் கொப்பளிச்சுத் துப்பணும். அதுக்கு முன்னாடி பல்லிடுக்குல கறி நாரோ முருங்கைக்காய் சக்கையோ மாட்டியிருக்கான்னு பாத்து நூல் விட்டு எடுத்தாலே சில பேருக்குப் பாதி வலி போயிடும், குண்டூசியும் ஊக்கும் போட்டு நோண்டாம இருந்தா சரி. கொய்யா இலையைக் கொதிக்க வச்சு ஆறவச்ச தண்ணில கொப்பளிக்கிறதும் நல்லதுதான். வீக்கம் இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் கன்னத்துக்கு வெளிய துணில சுத்தின ஐஸ்தான், சூடு வேண்டாம். தலைக்கு ரெண்டு தலையணை வச்சுப் படுத்தா அந்த ராத்திரியை ஓட்டிடலாம்.

கொடுக்கவே கூடாததும் இருக்கு அண்ணாச்சி, இதை மனசு நோகாம கேளுங்க. எருக்கம்பாலை பல்லுல விடச் சொல்றவங்க இன்னும் இருக்காங்க, அது பட்ட இடம் புண்ணாகும், கை தவறிக் கண்ணுல பட்டா பார்வைக்கே கேடு. சுண்ணாம்பை சொத்தைல அடைக்கிறதும், பச்சைப் பூண்டை நசுக்கி ஈறுல ராத்திரி முழுக்க வச்சுட்டுத் தூங்குறதும் அதே மாதிரிதான், தோலை வேகவச்சிடும். கற்பூரம் பிள்ளைங்க வயித்துக்குள்ள போனா ஃபிட்ஸ் வரும். வலிக்குப் புகையிலையை அதக்கச் சொல்றதைப் பத்தி நான் தனியா சொல்லவே வேண்டாம், எத்தனை பேர் அப்படி ஆரம்பிச்சு விட முடியாம வாய்ப் புத்துல போய் நின்னிருக்காங்க.

அப்புறம் கண்டங்கத்திரி விதைப் புகை. எங்க ஊர்ப் பக்கம் வயசானவங்க இதை ரொம்ப நம்புவாங்க, விதையை நெருப்புல போட்டு புகையை வாயில பிடிச்சா பல்லுல இருக்கிற பூச்சி பொத்துப் பொத்துன்னு விழும்பாங்க. சொத்தைப் பல்லுக்கு நம்மகிட்ட பேரே பூச்சிப்பல்தானே. ஆனா பல்லுல புழு கிடையாது. சூட்டுல வெடிக்கிற விதைக்கு உள்ள சுருண்டிருக்கிற முளைதான் வெளிய வந்து வெள்ளைப் புழு மாதிரித் தெரியுது. இந்தப் பல்புழு நம்பிக்கை நமக்கு மட்டும் இல்ல, பல நாட்டுலயும் இருந்திருக்கு, 1728ல ஃபிரான்சுல பியர் ஃபோஷார்ங்கிற பல் வைத்தியர் அப்படி ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டார். நாம சாப்பிடுற இனிப்பைத் தின்னு அமிலம் விடுற கிருமிதான் பல்லை அரிக்குது.

"ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி"ன்னு சொல்லுவீங்க, தெரியும். அது உறுதிக்குச் சொன்னது, தினமும் காலைல குச்சி ஒடிச்சு விளக்கினவங்களுக்குச் சொன்னது. ஓட்டை விழுந்து சீழ் வச்ச பல்லை ஆலங்குச்சி மூடிடும்னு நம்ம முன்னோருங்க எங்கயும் சொல்லல.

இப்ப நான் கேக்குற மூணு கேள்வி. பல்வலின்னு யார் வந்தாலும் எண்ணெயை எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க: எத்தனை நாளா வலிக்குது? கன்னம், தாடை, கழுத்து எங்கயாவது வீங்கியிருக்கா, காய்ச்சல் இருக்கா? சுகர் இருக்கா? ரெண்டு நாளைக்கு மேலன்னா எண்ணெய் கொடுங்க, கூடவே "நாளைக்குக் கட்டாயம் பல்லைக் காட்டிடுப்பா"ன்னு ஒரு வார்த்தை. வீக்கமோ காய்ச்சலோன்னா எண்ணெய் கொடுக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. முழுங்க முடியல, வாய் திறக்க வரல, மூச்சு வாங்குதுன்னா நீங்களே 108க்கு அடிச்சிடுங்க. சுகர் இருக்கிறவருக்கு ஒரு நாள்கூட தள்ளிப்போட வேண்டாம்னு சொல்லுங்க. அப்புறம் வயசானவர் யாராவது இடது பக்கத் தாடை வலிக்குது, நெஞ்சு ஒரு மாதிரி அழுத்துது, வேர்க்குதுன்னா அது பல்லே இல்லாம ஹார்ட்டா இருக்கலாம், தாடை வலியா அது காட்டும், அவருக்கும் 108தான்.

ரெண்டாவது பாட்டிலுக்கு வர்ற ஆளை நீங்க கண்டிப்பா அடையாளம் கண்டுபிடிப்பீங்க. மாமா மூணு தடவை போனார். யாராவது ஒருத்தர் "என்னப்பா இன்னும் சரியாகலையா"ன்னு ஒரு தடவை கேட்டிருந்தா அவர் போயிருப்பார்னு நான் நினைக்கிறேன். வீட்டுல நாங்க சொன்னா கேக்க மாட்டார், கடைக்கார அண்ணாச்சி சொன்னா கேப்பார். அவர் மாதிரி ஆளுங்க நிறைய.

ஜனங்க டாக்டர்கிட்ட போகாததுக்கு ரெண்டு காரணம், காசும் பயமும். வேர் சிகிச்சை தனியார்ல சில ஆயிரம் ஆகும், தினக்கூலிக்குப் போறவங்க மலைக்கத்தான் செய்வாங்க. அவங்ககிட்ட ஜி.ஹெச்சைச் சொல்லுங்க. சென்னைல 1953ல ஆரம்பிச்ச அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, புதுக்கோட்டைல 2023ல இன்னொண்ணு வந்திருக்கு, எந்த ஊருன்னாலும் அரசோட மருத்துவ உதவி நம்பர் 104க்கு ஃபோன் பண்ணிக் கேக்கலாம். பயத்துக்குப் பதில் நீங்கதான் சொல்லணும். மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்னு ஊர் முழுக்க நம்புறாங்க. கண் பார்வை நரம்பு வேற, பல் நரம்பு வேற. மேல் பல்லு சீழைக் கவனிக்காம விட்டாதான் வீக்கம் கண்ணு வரைக்கும் ஏறும், இதை மாமா இருந்த வார்டுல பக்கத்துக் கட்டில் பாட்டிகிட்ட கண்ணாலயே பாத்தேன், ஒரு கண்ணைத் திறக்கவே முடியாம படுத்திருந்தாங்க.

உங்க வியாபாரம் இதனால குறையாது அண்ணாச்சி. ராத்திரி ஒரு பாட்டில் விக்கத்தான் போகுது, வலியோட வர்ற ஆளுக்கு அந்த ஒரு ராத்திரி தூக்கம் எவ்வளவு பெருசுன்னு எனக்கும் தெரியும். மறுநாள் காலைல அவர் போக வேண்டிய இடத்துக்குப் போகணும், அவ்வளவுதான்.

அந்த மூணு கேள்வியையும் 108, 104 ரெண்டு நம்பரையும் பெரிய எழுத்துல ஒரு தாள்ல எழுதி ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். மாமாவுக்குக் கழுத்துத் தழும்பு இன்னும் முழுசா ஆறல, ஆனாலும் நானும் வர்றேன்னு சொல்லியிருக்கார். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல இருக்கிற நாலு கடைக்கும் ரெண்டு பேருமா வர்றோம், கல்லாவுக்குப் பக்கத்துல ஒட்ட ஒரு சாண் இடம் கொடுங்க.

இப்படிக்கு,
உங்க கடை லேகியத்துல வளந்த ஒரு பொண்ணு